பின்பாட்டுக்காரர்கள்: எங்கள் ப்ளூஸ் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஆட்கள் பக்கத்தில் வந்து கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், ஏழு கறியும் இலைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பேராவது கேட்டுவிடுவார்கள். சென்னையிலிருந்து வரும் உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதி சொல்லும்போதே யாராவது கூப்பிட்டுவிடுவதால் எந்தப் பதிலும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் இந்தக் குழுவில் மவுத் ஆர்கன் வாசிக்கிறேன். பகலில் இங்கே மொரீஷியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை.

குழுவில் யார் யார் இருக்கிறீர்கள்?

ஆறு பேர். பாடுவது அக்கா. கிட்டார் அண்ணா. டிரம்ஸ் மாமா. ரவான் என்னும் தோல்வாத்தியம் தொந்தோன். பேஸ் கிட்டார் தம்பி. ஆறாவது நான். இதில் மாமா மட்டும்தான் எனக்கு ரத்த சொந்தம், அம்மாவின் கடைசித் தம்பி. 'தொந்தோன்' என்றால் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மாமா என்று அர்த்தம். இரண்டு மாமாக்கள் இருந்தால் குழப்பம் வரும் என்று ஒருவர் மாமா, ஒருவர் தொந்தோன் ஆகிவிட்டார்கள். ரோஸ் ஹில், போ பஸ்ஸேன், கத்ர் போர்ன், ரோஷ் புவா என்று சிதறி இருக்கிறோம். ஒத்திகை ரோஸ் ஹில்லில், அண்ணா வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில்.

பெயர்களை ஏன் போடவில்லை?

தொந்தோன் தன் பெயர் எழுத்தில் எங்கும் வரவேண்டாம் என்றார். அவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரைப் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

ப்ளூஸ் என்றால் என்ன? தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் தெற்கில், பருத்திக் காடுகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய பாட்டு. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்த வேலைப்பாட்டும், சர்ச்சில் பாடிய பாட்டும் அதற்குள் இருக்கின்றன. 1903இல் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்காரர் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, ஒரு மனிதர் கத்தியைக் கிட்டார் தந்தியில் அழுத்தி இழுத்து வாசித்துக்கொண்டே, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியதைக் கேட்டாராம். ஹேண்டி பிற்பாடு தன் வாழ்க்கைக் கதையில் எழுதியது இது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு விற்ற விற்பனையில்தான் கம்பெனிகள் ப்ளூஸைத் தேடிப் போக ஆரம்பித்தன. 1943இல் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பித் தோட்டத்தை விட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே கிட்டாருக்கு மின்சாரம் வந்தது. நாங்கள் வாசிப்பது பெரும்பாலும் அந்தச் சிகாகோ வழி.

அமைப்பு எளிது. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று, ஒவ்வொரு பாருக்கும் நான்கு தட்டு. முதல் வரியைப் பாடுவீர்கள். அதே வரியை மறுபடி பாடுவீர்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கொஞ்சம் இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தில் வாத்தியம் பேசும்.

மொரீஷியஸ் தமிழர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் எதிர்பார்க்கும் பதில், "அவர்களும் தோட்டத்தில் கஷ்டப்பட்டார்கள், நாமும் தோட்டத்தில் கஷ்டப்பட்டோம்" என்பது. அந்தப் பதிலை நான் சொல்லமாட்டேன். இந்தத் தீவில் அடிமைகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் பக்கத்திலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அவர்களுக்கு விடுதலை வந்தது. அதற்குச் சில மாதம் முன்பே, 1834 நவம்பரில், அவர்கள் இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். அதன் பிறகு வந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அதில் மதராஸ் துறைமுகம் வழியாக வந்த நம் ஆட்களும் உண்டு. அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்து போர்ட் லூயிஸைக் கட்டினார்கள். ஒப்பந்தக் கூலியின் கஷ்டம் பெரிய கஷ்டம்தான். ஆனால் அவன் கையில் ஒரு ஒப்பந்தத் தாள் இருந்தது. அடிமைக்கு அதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், அந்த அடிமைகளின் வழிவந்த தொந்தோன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் சொல்லும் சம்பந்தம் வேறு. எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூட மேடை நடுவில் நின்று வளர்ந்தவர் இல்லை. கோயிலில், காவடி ஊர்வலத்தில், சேகா என்னும் எங்கள் தீவின் பாட்டும் ஆட்டமும் நடக்கும் முற்றத்தில், சர்ச்சில், பஜனையில், எல்லா இடத்திலும் நாங்கள் பின்பாட்டுக்காரர்கள். யாரோ ஒருவர் எடுத்துக்கொடுப்பார், நாங்கள் வாங்கிப் பாடுவோம். எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் சின்ன வயதில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. ப்ளூஸ் கேட்பது அதைத்தான். முதல் முறை அதைக் கேட்டபோது எனக்குப் புதிதாகத் தோன்றியது ராகம்தான். அந்த வரி முடிந்து விடும் இடைவெளி எனக்கு ரொம்பப் பழக்கமான இடம்.

பாடுகிற அக்கா கர்நாடக சங்கீதம் படித்தவராமே?

ஆமாம், முறையாகப் படித்தவர். சின்ன வயதில் கோயிலில் தேவாரம். பள்ளி முடிந்தபின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் வாய்ப்பாட்டு. 1970இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லோரையும் போல அக்காவும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையில் தொடங்கியவர்தான்.

படித்தவர் என்பதால் ப்ளூஸ் சுலபமாக வந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். எங்களில் அதிகம் கஷ்டப்பட்டவர் அவர்தான். கர்நாடக சங்கீதத்தில் ஆதார ஸ்வரமான ஸட்ஜம் அசையாது. சுருதிப்பெட்டி ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும், நீங்கள் எங்கே போனாலும் வீட்டு வாசல் அங்கேயே இருக்கும். ப்ளூஸில் ஐந்தாவது பாரில் கிட்டார் நான்காவது ஸ்வரமான மத்திமத்துக்கு இறங்கிவிடும். அங்கேயிருந்து ஒரு புது வாசல். முதல் இரண்டு மாதம், சரியாக அந்த இடத்தில் அக்கா நிறுத்திவிடுவார். "கால் கீழே பாயை உருவின மாதிரி இருக்கு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க உங்க ஸவை மட்டும் பிடிங்க அக்கா, வேற எதுவும் பாடவேண்டாம்" என்றார். அக்கா ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணா கிட்டாரை எடுத்து மத்திமக் கார்டை (மத்திமத்தின் மேல் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) ஒரே ஒரு தடவை மீட்டினார். அக்காவின் ஸட்ஜம் மாறவில்லை, ஆனால் அது இப்போது பஞ்சமமாகக் கேட்டது. அக்காவின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். "இது கிரகபேதம்தானே!" என்றார். ஆதார ஸ்வரத்தை வேறு இடத்தில் வைத்துக் கேட்பதைத்தான் கர்நாடக சங்கீதத்தில் அப்படிச் சொல்வார்கள். அன்று ஒரு மணி நேரம் அதையே செய்தோம். ஒன்பதாவது பாரில் கிட்டார் பஞ்சமத்துக்குப் போகும்போது மட்டும் அந்த ஸட்ஜம் இடிக்கும், அங்கே குரல் நகர்ந்தே ஆகவேண்டும். அதையும் அவரே கண்டுபிடித்தார்.

அடுத்தது மூன்றாவது ஸ்வரமான காந்தாரம். ப்ளூஸின் காந்தாரம் 'சாதாரண காந்தாரம்' என்ற தாழ்ந்த காந்தாரத்துக்கும் 'அந்தர காந்தாரம்' என்ற உயர்ந்த காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். நிற்கும் என்று சொல்வதுகூடத் தப்பு, கீழிருந்து மேலே போகப் பார்க்கும், போய்ச் சேராது. சுருதி சுத்தமாகப் பாடப் பழகிய தொண்டைக்கு அது பொய்யாகப் படும். ஒரு நாள் அக்காவின் பழைய ஆசிரியை கத்ர் போர்னில் எங்களைக் கேட்க வந்தார். முன்வரிசை. எங்கள் எல்லோருக்கும் கை வியர்த்தது. முடிந்தபின் அருகில் வந்து, "அந்தக் காந்தாரத்தை எங்கேம்மா நிறுத்தறே?" என்றார். "நிறுத்தறதில்ல டீச்சர்." "தெரிஞ்சுதான் செய்யறியா?" "தெரிஞ்சுதான் டீச்சர்." அவர் தலையசைத்துவிட்டு, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்று இரவு தூங்கவில்லை என்று பிறகு சொன்னார்.

மாமா கோயிலில் தப்பு அடிப்பவர்தானே? டிரம்ஸுக்கு எப்படி வந்தார்?

தைப்பூசக் காவடிக்குத் தப்பு அடிப்பவர், இன்றும் அடிக்கிறார். கத்ர் போர்னுக்கு மேலே கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயில் படிகளில், பதினைந்து வயதில், பெரியவர்கள் பின்னால் நின்று கற்றுக்கொண்டார். இடது கையில் மெல்லிய நீளமான குச்சி, வலது கையில் தடித்த குட்டைக் குச்சி. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல்.

ஓட்டல் இசைக்குழு ஒன்று கலைந்தபோது அவர்களுடைய பழைய டிரம் செட்டை மாமா வாங்கினார். ப்ளூஸின் 'ஷஃபிள்' தாளம் அவருக்கு ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தட்டையும் மூன்றாக வகுத்துக்கொள்ளுங்கள்: தகிட தகிட தகிட தகிட. இப்போது 'கி'யை மட்டும் வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். த-ட, த-ட, த-ட, த-ட. அதுதான் ஷஃபிள். திஸ்ர நடை நன்றாகத் தெரிந்தவருக்கு விழுங்குவது மட்டும்தான் புதிது. விழுங்கிய 'கி' உள்ளே ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அது நின்றுபோனால் தாளம் கட்டையாகிவிடும்.

அவருக்கு வராதது உட்காருவது. தப்பு நடந்துகொண்டே அடிப்பது. ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை வெயிலில் மணிக்கணக்காக நடை. கால் எடுத்து வைப்பதிலிருந்துதான் கைக்குத் தாளம் வருகிறது. ஸ்டூலில் உட்காரவைத்ததும் மாமாவுக்குக் கை ஓடவில்லை. மூன்று மாதம் டிரம்ஸை நின்றுகொண்டே வாசித்தார். பிறகு தம்பிதான் ஒரு யோசனை சொன்னான்: "மாமா, பெடல்ல இருக்கிற காலை மிதிக்கிறதா நினைக்காதீங்க, அடுத்த படி ஏறுறதா நினைங்க." அன்றிலிருந்து உட்கார்ந்துவிட்டார். இப்போதும் கவனித்துப் பாருங்கள், கச்சேரி முழுக்க அவருடைய இரண்டு குதிகாலும் மாறி மாறி எழும்பிக்கொண்டே இருக்கும். நடந்துகொண்டிருக்கிறார்.

ரவான் வாசிக்கும் தொந்தோன் தமிழரா?

இல்லை. ரோஷ் புவாவைச் சேர்ந்த, கிரியோல் என்னும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெரியவர். ரவான் இல்லாமல் சேகா இல்லை: அகலமான மரவளையத்தில் ஆட்டுத்தோல், முழங்கால் மேல் சாய்த்து வைத்து இரண்டு கையாலும் அடிப்பது. கூடவே கரும்புத் தட்டைகளால் செய்த பெட்டிக்குள் விதை போட்டுக் குலுக்கும் மரவான், ஒரு முக்கோணக் கம்பி. இவ்வளவுதான் பழைய சேகா. ரவான் அடிக்கத் தொந்தோனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் அம்மா முற்றத்தில் பாடுவார், இவர் அடிப்பார்.

மாமாவும் அவரும் சந்தித்த கதையை இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் குழு அங்கேதான் பிறந்தது. மார்ச் 12, எங்கள் சுதந்திர நாள். ஒரு நிகழ்ச்சியில் தப்புக் குழு ஒன்று, சேகா குழு ஒன்று. மத்தியானம் மழை. தோல் எல்லாம் தளர்ந்துபோய், தட்டினால் ஈரச்சாக்கைத் தட்டின சத்தம். மேடைக்குப் பின்னால் மாமா காய்ந்த தென்னோலையைக் கொளுத்தித் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். தொந்தோன் ரவானைத் தூக்கிக்கொண்டு வந்து எதுவும் பேசாமல் அதே நெருப்பின் மறுபக்கம் குந்தினார். இருவரும் தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, மறுபடி காட்டினார்கள். மாமாவின் தப்பு முதலில் ஏறியது. அவர் சும்மா ஒரு தகிட அடித்தார். நெருப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரவான் அதே மூன்றைத் திருப்பிக் கொடுத்தது. சேகாவும் மூன்று மூன்றாக ஓடும் தாளம்தான். மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டும் இருவரும் எழுந்திருக்கவில்லை. நான் அங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொந்தோனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாங்கள் ஒத்திகையில் "வேல் வேல்" என்று எடுத்தால் "வெற்றி வேல்" என்று வாங்கிக்கொடுப்பார், சரியான இடத்தில்.

கிட்டார் அண்ணா யாரிடம் படித்தார்?

யாரிடமும் இல்லை, கேசட்டிடம். எலெக்ட்ரிஷியன் வேலை பார்க்கிறார். இருபது வருஷம் கடற்கரை ஓட்டல்களில் இரவு நேரத்தில் வாசித்தவர். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும்போது அவர்கள் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசிக்கவேண்டிய வாசிப்பு.

விரலில் மாட்டித் தந்தியில் இழுக்கும் குழாயைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்கு வாங்கும் செப்புக் குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டது. நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை இழுப்பது போலத்தான். மெட்டுக்கட்டை (ஃப்ரெட்) இல்லாத வாத்தியத்தில் எப்படிச் சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போகலாமோ அதுவே இங்கே கிட்டாரில் நடக்கிறது. அதற்காகத் தந்திகளை வேறு மாதிரி கூட்டுகிறார். ஸ்வரத்தில் சொன்னால், தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை: ப ஸ ப ஸ க ப. எந்த விரலும் வைக்காமல் மீட்டினாலே ஒரு முழு கார்டு பேசும். ஸங்கீதம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஓட்டலில் வாசித்த குழு ஏன் இப்போது ஓட்டலில் வாசிப்பதில்லை என்றும் கேட்கிறார்கள். ஒரு ஓட்டலில் எங்களை நான்கு இரவுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் இரவு முடிந்ததும் பொறுப்பாளர் வந்து, மெதுவான பாட்டெல்லாம் வேண்டாம், விருந்தாளிகள் சோகமாகிவிடுவார்கள், பூச்சட்டை போட்டுக்கொண்டு வாசியுங்கள் என்றார். அண்ணா மறுபேச்சில்லாமல் சரி என்றார், பழக்கம். அக்காதான் முடியாது என்றார். மீதி இரண்டு இரவுக்கான காசு வரவில்லை. வாசித்த இரண்டு இரவுக்கும் பாதிதான் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணா பேசவே இல்லை. மறுநாள் ஒத்திகைக்கு அவர்தான் முதலில் வந்து கொட்டகையைக் கூட்டி வைத்திருந்தார்.

பேஸ் வாசிக்கும் தம்பி?

இருபத்து நான்கு வயது. அப்பா கிரியோல், அம்மா தமிழ். ஞாயிறு காலை சர்ச் பாடகர் குழு, சாயங்காலம் சேகே. சேகே என்பது சேகாவும் ஜமைக்காவின் ரெகே இசையும் கலந்தது. அதை உருவாக்கியவர்களில் முதல் பெயர் பாடகர் காயா. 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் அவர் இறந்தபோது தீவே எரிந்தது. அப்போது தம்பி பிறக்கவில்லை, ஆனால் அவன் வீட்டில் அந்தப் பாட்டுகள் நின்றதே இல்லை. ரெகே வழியில் வந்த பேஸ் முதல் தட்டில் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். ப்ளூஸில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி வைத்து நடக்கவேண்டும். அவன் இன்னமும் சில இடத்தில் முதல் தட்டை விட்டுவிடுகிறான். நாங்கள் திருத்துவதில்லை, அந்தப் பள்ளம் நன்றாக இருக்கிறது.

நீங்கள் மவுத் ஆர்கனுக்கு எப்படி வந்தீர்கள்?

அப்பா வாங்கிக்கொடுத்த பத்து ஓட்டை மவுத் ஆர்கன். அதில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாதான் ஒரு நாள், "ஊதாதே, உள்ளே இழு" என்றார். சி சுருதி மவுத் ஆர்கனை ஊதினால் சி. ஆனால் இரண்டாவது ஓட்டையிலிருந்து மூச்சை உள்ளே இழுத்தால் ஜி சுருதிக்கான ஸ க ப நி வரிசையாகக் கிடைக்கிறது, அந்த நிஷாதம் கைசிகி, அதாவது தாழ்ந்த நிஷாதம். மூன்றாவது ஓட்டையில் இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னுக்கு வாங்கினால் காந்தாரம் கீழே வளையும், அக்கா பாடும் அதே காந்தாரம். ஜெர்மன்காரர்கள் வெளியே ஊதிப் பாட்டு வாசிக்கச் செய்த வாத்தியம் அது. கறுப்பின வாசிப்பாளர்கள் உள்மூச்சில் இன்னொரு வாத்தியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் உயர்ந்துவிடுகிறது.

எந்த மொழியில் பாடுகிறீர்கள்?

கிரியோல் பாதி, இங்கிலீஷ் கொஞ்சம், தமிழ் நான்கைந்து பாட்டு. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது, என் வகுப்பறையில் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் குறைந்துபோயிருக்கிறது. அதனால் பாட்டு எழுதும்போது புத்தகத் தமிழைத் தவிர்த்து, என் பாட்டி பேசினதை எழுதுகிறேன். ஒன்று இப்படி:

கரும்புக் காட்டுல காத்து வீசுது, யார் பேரும் சொல்லல
கரும்புக் காட்டுல காத்து வீசுது, அய்யா, யார் பேரும் சொல்லல
பாட்டன் கொண்டாந்த பேரு மட்டும் கப்பல் தாள்ல நிக்கல

கப்பலில் வந்தவர்களின் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அந்த எழுத்துப் பிழைதான் இன்று பலருக்குக் குடும்பப் பெயர். இரண்டாவது வரியில் அந்த 'அய்யா' எழுதும்போது இல்லை. அக்கா பாடும்போது தானாக வந்தது. திரும்பச் சொல்லும்போது அப்படியே சொல்ல முடியாது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

சேகா இருக்கும்போது ப்ளூஸ் எதற்கு?

இதைக் கேட்பவர்களுக்குச் சேகா மேல் அன்பு இருக்கிறது, அதனால் எனக்குக் கோபம் வராது. 2014இல் யுனெஸ்கோ சேகாவைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் எத்தனை வருஷம் அதைக் கீழாகப் பார்த்தார்கள் என்று தொந்தோனைக் கேளுங்கள். தி ஃப்ரேர் என்ற சேகாப் பாடகர், 1900இல் பிறந்து 1992இல் மறைந்தவர், அவருடைய பழைய பதிவைக் கேட்டால் சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் இருக்கும். ஓட்டல் சேகாவில் அந்த அழுகையை எடுத்துவிட்டார்கள். ப்ளூஸ் வாசிக்க ஆரம்பித்தபிறகுதான் அண்ணா பழைய சேகாவை உட்கார்ந்து கேட்டார். எரிக் திரிட்டான் போன்ற எங்கள் ஊர்க் கலைஞர் கிரியோலில் ப்ளூஸ் பாடி ரொம்ப நாளாக வழி போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் முதல் ஆட்கள் கிடையாது.

அப்படியானால் இது ஃபியூஷன் என்னும் கலப்பு இசையா?

இல்லை. ஷஃபிள் நடுவில் திடீரென்று தாளச் சொற்களை வாயால் சொல்லும் ஒரு கொன்னக்கோல், பிறகு கைதட்டல், அது எங்களுக்கு வேண்டாம். அக்கா ப்ளூஸ் பாடும்போது ஸ்வரம் போடமாட்டார். மாமா கோயிலில் ஷஃபிள் அடிக்கமாட்டார். உள்ளே இருப்பது வாசிப்பில் எப்படியும் தெரியும்.

கோயில் விழாவுக்கு வாசிப்பீர்களா?

குழுவாக இல்லை. தைப்பூசத்துக்குக் கொடியேறியது முதல் பத்து நாள் விரதம், அந்த நாட்களில் ஒத்திகையே கிடையாது. கொட்டகைக்குப் பூட்டு. காவடியன்று மாமா தப்போடு, அக்கா பாட்டோடு, நான் பால்குடத்தோடு. தொந்தோன் வழியில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நிற்பார். ஒவ்வொரு வருஷமும், யாரும் சொல்லாமல்.

என் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பீர்களா? எங்கே தொடங்குவது?

காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறோம், சனிக்கிழமை மத்தியானம். மவுத் ஆர்கன் என்றால் சி சுருதியில் பத்து ஓட்டை உள்ளது வாங்குங்கள், நிறைய ஓட்டை உள்ளது வேண்டாம், வளைக்க முடியாது. கிட்டார் என்றால் முதலில் கொண்டுவர வேண்டாம். முதல் நான்கு வாரம் பிள்ளைக்கு வாத்தியமே தருவதில்லை. அக்கா ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் வாங்கிப் பாடவேண்டும், பன்னிரண்டு பார் முடியும் வரை கையில் எண்ணவேண்டும். சில பெற்றோர் பொறுமை இல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இருந்த பிள்ளைகள் ஐந்தாவது வாரத்தில் வாசிப்பதை வந்து கேளுங்கள்.

தோல் காய்ச்சுவதைப் பார்க்கலாமா?

தாராளமாக. கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னால் வாருங்கள். டிரம்ஸ் செட்டின் மேல்தோல் பிளாஸ்டிக், அதற்கு நெருப்பு வேண்டாம். ஆனால் மாமா ஒரு தப்பைப் பக்கத்தில் வைத்திருப்பார். கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று அதைத்தான் அடிப்பார். அதுவும் ரவானும் ஒரே நெருப்பில்தான் காய்கின்றன. தென்னோலை கொண்டுவந்தால் நன்றாகக் காய்ந்ததாகக் கொண்டுவாருங்கள், பச்சை ஓலை புகையும், தோலில் கறுப்பு ஏறும். பிள்ளைகளைக் காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள். தொந்தோன் ரவானைச் சுண்டிக் காதருகில் வைத்துக் கேட்கும்போது மட்டும் யாரும் பேசவேண்டாம்.